கார் செய்யும் ஊரில் விமானம் ஏன் செய்வதில்லை?

மேடவாக்கத்தில் இருக்கும் ஒரு அப்பா கேட்ட கேள்வி இது. அவர் பையன் பிளஸ் டூ படிக்கிறான், விமானம் என்றால் அவனுக்கு உயிர். "ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இத்தனை கார் செய்கிறோம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட்டே விடுகிறோம். ஒரு பயணிகள் விமானத்தை மட்டும் நம்மால் ஏன் செய்ய முடியவில்லை? இவனை ஏரோநாட்டிகல் படிக்க வைக்கலாமா, வேண்டாமா?"

நான் மீனம்பாக்கத்தில் விமானப் பராமரிப்பு என்ஜினியராக இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவன். இப்போது திருமுடிவாக்கத்தில் விமான பாகங்கள் கடையும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்க்கிறேன். பறக்கும் விமானத்தையும் பார்த்திருக்கிறேன், அதன் பாகம் பிறக்கும் இடத்தையும் பார்க்கிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு திருத்தம். நாம் செய்யவே இல்லை என்பது சரியில்லை. கான்பூரில் 1961-லேயே ஆவ்ரோ 748 விமானத்தை உரிமம் வாங்கிச் செய்தார்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் அதில் பயணிகளை ஏற்றிப் பல வருஷம் ஓட்டியது. அதே கான்பூரில் அரசு விமானக் கம்பெனியான எச்.ஏ.எல். செய்த டார்னியர் 228, 2022 ஏப்ரலில் அசாமின் திப்ருகரிலிருந்து அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்குப் பயணிகளோடு பறக்கத் தொடங்கியது. ஆனால் ஒன்று இங்கிலாந்தின் வடிவமைப்பு, மற்றது ஜெர்மனியின் வடிவமைப்பு. நாமே வரைந்து, நாமே செய்து, உலகம் டிக்கெட் எடுத்து ஏறும் விமானம் என்று கேட்டால், அது இன்னும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு வழக்கமாக வரும் பதில் "பணம் இல்லை, மூளை வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது" என்பது. இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. விமானத்தைப் பறக்க வைப்பது அவ்வளவு பெரிய கஷ்டம் இல்லை. சென்னையில் ஓட்டல் நடத்தியவர் ஒருவரே அதைச் செய்து காட்டியிருக்கிறார். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த ஜியாகோமோ தெ ஆஞ்செலிஸ், தானே வடிவமைத்து, குதிரை வண்டிகளுக்குக் கூண்டு கட்டிப் பழகிய சிம்ப்சன் கம்பெனியில் கொடுத்து ஒரு விமானத்தைச் செய்தார். பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு 1910-இல் தீவுத்திடலில் ஊர் பார்க்கப் பறந்தார். ரைட் சகோதரர்கள் 12 விநாடி பறந்து அப்போது ஏழு வருஷம்கூட ஆகவில்லை. இத்தனை சீக்கிரம் தொடங்கிய ஊர் இது.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பறக்கும் ஒன்றைச் செய்துவிட்டு, "இது இருபத்தைந்து வருஷத்துக்கு, தினமும் ஆறு தடவை, மழையிலும் வெயிலிலும், நூற்றெண்பது பேரோடு ஏறி இறங்கும், ஒன்றும் ஆகாது" என்று முன்பின் தெரியாத ஒருவருக்கு நிரூபிக்க வேண்டும். விமானத் தொழில் என்பது பெரும்பாலும் இந்த நிரூபணம்தான்.

இதை உலகத்துக்கு உறைக்க வைத்தது காமெட் என்ற விமானம். பிரிட்டனின் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்தது. 1952 மே மாதம் பயணிகள் சேவைக்கு வந்த முதல் ஜெட். வேகம், உயரம், அமைதி எல்லாவற்றிலும் மற்றவர்களைத் தூக்கிச் சாப்பிட்டது. 1954-இல் ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு காமெட்டுகள் இத்தாலிக்குப் பக்கத்துக் கடலின் மேலே நடுவானில் சிதறின. காரணம் தேடி ஒரு காமெட்டின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே தண்ணீர் அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். ஏற்கெனவே பறந்த தடவைகளையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 தடவையில் உடல் கிழிந்தது. ஜன்னல் மாதிரி வெட்டிய துளைகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்து விரிசல் தொடங்கியிருக்கிறது. கொடிக்கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே சங்கதி. உலோகக் களைப்பு.

காமெட்டைச் செய்தவர்கள் முட்டாள்கள் இல்லை, அந்தக் காலத்தில் உலகத்திலேயே முன்னால் நின்றவர்கள். அப்படியும் அவர்களுக்குத் தெரியாத ஒன்று அந்த மூலையில் இருந்தது. அந்த விசாரணையின் முடிவுகள் உலகத்துக்கே பாடமாயின. அடுத்து 1958-இல் போயிங் 707 வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. பிரிட்டனின் தொழில் அந்தச் சறுக்கலிலிருந்து பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

அந்தப் பாடம் மீனம்பாக்கம் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது என்று ஒரு ராத்திரியை வைத்துச் சொல்கிறேன்.

விடிந்தால் ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம். ராத்திரி வேலை முடிந்து கருவிகளைத் திருப்பி வைக்கும் நேரம். எங்கள் கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதே வடிவத்தில் ஃபோமில் பள்ளம் வெட்டியிருக்கும். சிவப்பு ஃபோமின் மேல் கறுப்புத் தகடு. ஒரு கருவி இல்லையென்றால் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். அன்றைக்கு ஒரு சின்ன சாக்கெட்டின் இடம் சிவப்பாக இருந்தது. சுண்டுவிரல் நுனி அளவு. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆன பையன், நான் கேட்பதற்கு முன்னாலேயே வந்து, "சார், என்கிட்ட இருந்த சாக்கெட்டைக் காணோம்" என்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

விமானம் நின்றது. மூடிய பலகைகளைத் திரும்பத் திறந்தோம். டார்ச்சும் கையடக்கக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு ஐந்து பேர் தேடினோம். மூன்றே முக்காலுக்கு இடது இறக்கையின் பின் ஓரத்தில், இறங்கும்போது கீழே விரியும் ஃபிளாப் என்ற பலகை நகரும் இடத்துக்குப் பக்கத்தில், விலா எலும்பு மாதிரி இருக்கும் ஒரு சட்டத்தின் மடிப்பில் கிடைத்தது. ஃபிளாப் இறங்கும்போது அது அங்கே மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. அந்தப் பையனை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. திட்டினால் அடுத்த தடவை வேறொருவன் வாயை மூடிக்கொள்வான். தேடியதை, கிடைத்ததை, நேரத்தை எல்லாம் எழுதி, கீழே என் கையெழுத்தும் லைசென்ஸ் எண்ணும் போட்ட பிறகுதான் விமானம் ஓடுபாதைக்குப் போனது. நாற்பது நிமிஷம் தாமதம். உள்ளே இருந்தவர்கள் சலித்துக்கொண்டிருப்பார்கள், நியாயம்தான்.

சரி, பராமரிப்பு இப்படி. செய்வது எப்படி?

திருமுடிவாக்கத்தில் நாங்கள் கடையும் பாகங்களில் ஒன்று உள்ளங்கை அளவு அலுமினிய பிராக்கெட். பார்த்தால் சைக்கிள் கடையில் கிடைக்கும் கிளாம்ப் மாதிரிதான் இருக்கும். பக்கத்து ஷெட்டில் கார் கம்பெனிக்குப் பாகம் கடைகிறார்கள். அவர்களிடம் இருப்பதும் கணினி இயக்கும் அதே சி.என்.சி. மெஷின், அதே கைத்திறன், சொல்லப்போனால் அவர்கள் எங்களைவிட வேகம். ஆனால் எங்கள் பிராக்கெட்டை எடுத்து அதன் எண்ணைச் சொன்னால், அது எந்த அலுமினியக் கட்டையிலிருந்து வெட்டியது, அந்தக் கட்டை எந்த ஆலையில் எந்த உருக்கில் வார்த்தது, எந்த மெஷினில் யார் கடைந்தது, எந்த அளவுகோலால் யார் அளந்தது, அந்த அளவுகோலை எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று எல்லாவற்றையும் எடுத்துக் காட்ட வேண்டும். இருபது வருஷம் கழித்துக் கேட்டாலும் காட்ட வேண்டும்.

முதல் பாகம் அங்கீகாரம் வாங்க எங்களுக்குப் பதினோரு மாதம் ஆனது. ஒரு தடவை மொத்த லாட்டும் திரும்பி வந்தது. ஓர் உள் மூலையின் வளைவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு, நகத்தை வைத்து இழுத்தால்தான் தட்டுப்படும். முதலாளிக்கு வருத்தம், எனக்கு அந்தக் காமெட்டின் ஜன்னல் மூலைதான் நினைவுக்கு வந்தது. திருப்பி அனுப்பியவர்கள் செய்தது சரி.

கார் தொழிலில் ஒரே பாகம் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் போகும். அச்சுக்குப் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். உலகத்தில் அதிகம் விற்கும் ஏ320 குடும்பத்துக்கே மாதம் 75 என்பதுதான் ஏர்பஸ் வைத்திருக்கும் இலக்கு. இத்தனை சொற்ப எண்ணிக்கைக்கு இத்தனை காகிதம், இத்தனை பரிசோதனை, இத்தனை காத்திருப்பு. கார் செய்யும் ஊரில் விமானம் தானாக முளைக்காததற்கு முதல் காரணம் இந்தக் கணக்கு. நம் தொழிலதிபர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. மூன்று வருஷத்தில் வட்டி கட்டி முடிக்க வேண்டிய கடனை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் கழித்துப் பலன் தரும் வேலையில் யார் இறங்குவார்கள்?

இரண்டாவது காரணம் எஞ்சின். இங்கேதான் நாம் உண்மையிலேயே பின்தங்கியிருக்கிறோம்.

1961 ஜூனில் பறந்த மாருத் போர் விமானம் நம் நாட்டில் வடிவமைத்தது. ஜெர்மனியின் கூர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் செய்தார்கள். உடல் ஒலியைத் தாண்டும் வேகத்துக்காக வரைந்தது, ஆனால் அதற்கேற்ற எஞ்சின் கிடைக்கவில்லை. இருந்த எஞ்சினை மாட்டி ஓட்டினார்கள், கடைசிவரை அது இழுக்க மாட்டாத வண்டியாகவே இருந்தது. நாற்பது வருஷம் கழித்து, 2001 ஜனவரியில் நம் தேஜஸ் போர் விமானம் பறந்தது. அதற்காகத் தொடங்கிய காவேரி எஞ்சின் போதிய உந்துவிசை தரவில்லை. 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரித்தார்கள். இன்றைக்கும் தேஜஸ் அமெரிக்காவின் ஜி.இ. எஞ்சினில்தான் பறக்கிறது. அந்த எஞ்சின்கள் வந்து சேரத் தாமதமானதால் செய்து முடித்த விமானங்களும் காத்துக் கிடந்தன.

ஜெட் எஞ்சினில் எரிந்த வாயு டர்பைன் இதழ்கள் மேல் மோதும் இடத்தில் வெப்பம் அந்த இதழ் செய்த உலோகத்தின் உருகுநிலையையே தாண்டும். அப்படியும் உருகாமல், நிமிஷத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழல வேண்டும். அதற்காக இதழுக்கு உள்ளே மெல்லிய வாய்க்கால்கள் வைத்து, ஊசித் துளைகள் வழியாகக் குளிர்ந்த காற்றை வெளியே விட்டு, இதழைச் சுற்றி ஒரு காற்றுப் போர்வை போர்த்துகிறார்கள். இதழ் முழுவதும் ஒரே படிகமாக வளரும்படி வார்க்கிறார்கள், ஏனென்றால் படிகங்கள் சேரும் எல்லையில்தான் உலோகம் முதலில் விட்டுக்கொடுக்கும். போர்ஸ்கோப் கேமராவை எஞ்சினுக்குள் விட்டு அந்த இதழ்களைப் பல ராத்திரி பார்த்திருக்கிறேன். வரிசையாகத் துளைகள், ஓரத்தில் லேசாகப் பழுப்பேறிய நிறம், கோவில் நகை மாதிரி ஒரு வேலைப்பாடு. இதை நம்பகமாகச் செய்யத் தெரிந்த கம்பெனிகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவை. வரைபடத்தை வாங்கிவிடலாம். எந்த வேகத்தில் குளிர வைத்தால் எந்த இடத்தில் குறை விழும் என்பது ஐம்பது வருஷம் கெடுத்துக் கெடுத்துக் கற்றது, அதை யாரும் விற்பதில்லை.

அந்தப் பெரியவர்களுக்கும் தவறும். பிராட் அண்ட் விட்னியின் புதிய எஞ்சின்களில் சில சுழல் தட்டுகளைச் செய்த உலோகத் தூளில் மாசு இருந்தது 2023-இல் வெளியே வந்தது. உலகம் முழுவதும் நூற்றுக்கணக்கான விமானங்கள் தரையில் நின்றன, இண்டிகோ மட்டுமே எழுபதுக்கு மேல் நிறுத்த வேண்டி வந்தது. ஆனால் எந்த வருஷத்துத் தூள், எந்தத் தட்டு, எந்த எஞ்சின், அது எந்த விமானத்தின் இறக்கையில் தொங்குகிறது என்று அவர்களால் தேடி எடுக்க முடிந்தது. உள்ளங்கை பிராக்கெட்டுக்கு அத்தனை காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பணமும் திறமையும் மட்டும் போதாது என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். போயிங் 787-இன் இறக்கையைச் செய்வதே மிட்சுபிஷிதான். அதே மிட்சுபிஷி சொந்தமாக ஒரு சின்னப் பயணிகள் ஜெட் செய்ய 2008-இல் இறங்கியது. 2015-இல் பறந்தும் விட்டது. சான்றிதழ்தான் வரவில்லை. வயர்களும் மின்சாதனங்களும் விமானத்துக்குள் எங்கே எப்படிப் போக வேண்டும் என்பதையே திரும்ப மாற்றி வரைய வேண்டியிருந்தது. 2023 பிப்ரவரியில் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

அப்படியானால் புதிதாக யாராலும் முடியாதா? முடிந்திருக்கிறது. பிரேசில். இந்தக் கதை எனக்கு மனசைக் குடையும் கதை.

குரோம்பேட்டையில் சி. ராஜம் தன் சொந்தப் பணத்தைப் போட்டு மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை, அதாவது எம்.ஐ.டி.யைத் தொடங்கியது 1949. தொடக்கத்திலேயே ஏரோநாட்டிகல் பாடம் இருந்தது. அப்துல் கலாம் படித்தது அங்கேதான். பிரேசில் சாவ் ஜோசே தோஸ் காம்போஸ் என்ற ஊரில் தன் விமானக் கல்லூரியைத் தொடங்கியது 1950. நமக்கு அடுத்த வருஷம்! அங்கே கல்லூரி, ஆராய்ச்சிக்கூடம், பிறகு தொழிற்சாலை எல்லாம் ஒரே ஊரில் அமைந்தன. 1968-இல் அவர்களுடைய பண்டெய்ரான்டே என்ற சிறு விமானம் பறந்தது, 1969-இல் அதைச் செய்ய எம்பிரேயர் கம்பெனி பிறந்தது. பெரிய ஆசை வைக்கவில்லை. உள்ளூர் ஊர்களுக்குப் போக இருபது பேருக்குள் ஏறும் விமானம், எஞ்சின் வெளியிலிருந்து வாங்கியது. அரசாங்கம் முதலில் வாங்கியது. அமெரிக்கச் சான்றிதழும் வாங்கி அங்கேயே விற்றார்கள். அதிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி ஜெட்டுக்கு வந்தார்கள்.

2005-இல் சென்னையிலிருந்து பாரமவுண்ட் ஏர்வேஸ் பறக்கத் தொடங்கியபோது அது வைத்திருந்த விமானங்கள் எம்பிரேயர். அந்த வெள்ளை விமானம் முதல் தடவை மீனம்பாக்கத்தில் வந்து நின்றபோது கிட்டே போய்ப் பார்த்தேன். கதவின் ஓரம், ரிவெட் வரிசை, ஒன்றிலும் குறை சொல்ல முடியவில்லை. குரோம்பேட்டைக் கல்லூரி விமான நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

நம் பிள்ளைகள் குரோம்பேட்டையிலும் கிண்டியிலும் படித்துவிட்டு பெங்களூருக்குப் போனார்கள். அங்கே எச்.ஏ.எல். விமானப்படை கேட்டதைச் செய்தது. ஒரே வாங்குபவர், அவரே முதலாளி. பயணிகள் விமானத்தை என்.ஏ.எல். என்ற அரசு விமான ஆய்வகம் தனியாகச் செய்து பார்த்தது. அவர்களுடைய சாரஸ் 2004-இல் பறந்தது, 2009 மார்ச்சில் சோதனைப் பறத்தலில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகு திட்டம் நின்று நின்று நகர்ந்தது. ஆய்வகத்துக்கு வடிவமைக்கத் தெரியும். விற்று, உதிரிபாகம் கொடுத்து, முப்பது வருஷம் பின்னால் நின்று பார்த்துக்கொள்வது ஆய்வகத்தின் வேலை இல்லை. அந்த வேலைக்கு நம்மிடம் கம்பெனி இல்லை. என்னைக் கேட்டால் நாம் பெரிதாகத் தவறவிட்டது இதைத்தான்.

இப்போது நிலைமை முன்னைவிட மேல். ஏர்பஸ், போயிங் இரண்டும் தனித்தனியே வருஷத்துக்கு நூறு கோடி டாலருக்கு மேல் இந்தியாவில் பாகங்களும் சேவைகளும் வாங்குகின்றன. விமானப் பராமரிப்புக்கு 18 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி.யை 2020-இல் 5 ஆகக் குறைத்தார்கள், அதற்கு முன் விமானத்தைப் பறக்கவிட்டு வெளிநாட்டில் பழுதுபார்ப்பதே மலிவாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்றே ஒரு பூங்கா வந்திருக்கிறது. ஓசூரில் தனி ஓடுபாதையும் பராமரிப்புக் கூடமும் உண்டு. விமானப் பராமரிப்புக் கணக்கை வைத்துக்கொள்ளும் மென்பொருளை சென்னையின் ராம்கோ உலகத்துக்கு விற்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் பிறந்த இ-பிளேன் கம்பெனி நின்ற இடத்திலிருந்து மேலே எழும் மின்சார டாக்ஸியில் முனைந்திருக்கிறது. சென்னைக்கு இரண்டாவதாகத் திட்டமிட்டிருக்கும் பரந்தூர் விமான நிலையத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு விஷயம். ஓடுபாதை போட்டால் பயணிகள் வருவார்கள், தொழில் தானாக வராது. அந்தத் திட்டத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் கிராம மக்கள் ஏரியையும் வயலையும் முன்னிட்டுக் கேட்கும் கேள்விக்கு, "வேலை கிடைக்கும்" என்பதை மட்டும் பதிலாகச் சொல்வது சரியில்லை.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு படிப்புகளைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஏரோநாட்டிகல் பட்டம் என்பது வடிவமைப்பும் கணக்கும். விமானப் பராமரிப்பு என்பது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ. நடத்தும் தேர்வுகளை எழுதி, கையால் வேலை செய்த அனுபவமும் காட்டி வாங்கும் லைசென்ஸ். பட்டம் மட்டும் இருந்தால் விமானத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது, லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் மட்டும் இருந்தால் இறக்கை வரைய முடியாது. பையனுக்குப் பழையதைப் பிரித்துப் பார்த்துத் திரும்பச் சேர்ப்பதில் ஆசையா, வேறு மாதிரி இருந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பதில் ஆசையா என்று கவனியுங்கள். வீட்டு மிக்சி ரிப்பேரானபோது அவன் என்ன செய்தான் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யோ ஐ.ஐ.டி.யோ கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால், "ஏரோ" என்ற பெயருக்காக மட்டும் ஏதோ ஒரு கல்லூரியில் சேர்க்காதீர்கள். மெக்கானிக்கலோ மெட்டலர்ஜியோ நல்ல இடத்தில் படித்துவிட்டு அப்புறம் விமானத்துக்குள் வரலாம். அதிலும் மெட்டலர்ஜி படித்தவர்கள் கிடைப்பது எங்கள் பக்கம் ரொம்ப அரிது. அந்த டர்பைன் இதழை இங்கே வார்க்கப்போகிற ஆள் அங்கிருந்துதான் வர வேண்டும்.

பராமரிப்புப் படிப்பு என்று முடிவானால், கல்லூரிக்கு டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று டி.ஜி.சி.ஏ. பட்டியலிலேயே பாருங்கள், விளம்பரத்தை நம்ப வேண்டாம். பிறகு பையனையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். வாசலில் பெயின்ட் அடித்து நிறுத்தியிருக்கும் பழைய விமானத்தைத் தாண்டி உள்ளே போய், ஓடுகிற எஞ்சின் எது என்று கேளுங்கள். காட்டினால் அதன் லாக் புக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசியாக எந்தத் தேதியில் ஓட்டினார்கள், யார் கையெழுத்து என்று அதில் இருக்கும்.